தூள் போட்டால் போய்விடும்

நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் வழியில் ஒரு வளைவில், போன மழைக்காலம் என் ஆட்டோ வழுக்கிப் புரண்டது. யாரோ ரோட்டில் எண்ணெயை ஒழுகவிட்டுப் போயிருந்தான். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கிடந்த நாளெல்லாம் அந்த முகம் தெரியாதவனைத் திட்டினேன். அவன் கை விளங்காமல் போக என்று சாபமே விட்டேன். என் மனைவி யாரையும் திட்டவில்லை. நான் எழுந்து நடந்தால் பாற்குடம் எடுப்பதாக மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள்.

அந்தப் பாற்குடத்துக்கு முதல் நாள் மத்தியானம் நான் பார்த்த வேலையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் வாசலுக்குப் புதிதாக இன்டர்லொக் கல் பதித்திருந்தார்கள். "வண்டிய வெளியவே நிப்பாட்டுங்க தம்பி" என்று கோயில் தலைவர் சொன்னார். பத்து நிமிஷ வேலைதானே என்று உள்ளே கொண்டுபோய்ப் பந்தல் சாமான் இறக்கினேன். இஞ்சினில் ஒழுக்கு இருப்பது எனக்குத் தெரியும். நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வண்டியை எடுத்தபோது கல்லில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கறுப்பு. பாற்குடப் பெண்கள் வெறுங்காலோடு திரும்பும் இடம் அது.

தலைவரிடம் சொல்ல வாய் வரவில்லை. ஈரத் துணியால் அவசரமாகத் துடைத்தேன். தட்டு தாம்பாளமானது. மலையில் மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. மழை வந்தால் வாசல் முழுக்கப் பரவிவிடும். எனக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. கொழும்பில் வண்டி கழுவும் இடத்தில் வேலை செய்யும் மனைவியின் தம்பிக்குப் போன் எடுத்தேன்.

"தொடச்சிட்டீங்களா? தொடைக்கக் கூடாதே மச்சான். தூள் போட்டு ரெண்டு மணித்தியாலம் விடுங்க. அப்புறம் சுடுதண்ணி ஊத்தித் தேய்ங்க. போயிரும்."

என்ன தூள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் தூள் என்றால் ஒன்றுதான். தோட்டத்தில் கொடுத்த தேயிலைத் தூள் பாக்கெட் இரண்டையும் கொண்டுவந்து கொட்டி, மழை படாமல் மேலே படங்கை விரித்தேன். இரண்டு மணித்தியாலத்தில் இருபது தடவையாவது தூக்கிப் பார்த்திருப்பேன். பிறகு தூளைக் கூட்டி அள்ளாமல், அப்படியே சுடுதண்ணியை ஊற்றினேன்.

எங்கள் பக்கத்தில் பால் விடாத தேநீருக்குச் சாயம் என்றுதான் பெயர். தினம் நாலு தடவை அந்த வார்த்தையைச் சொல்கிறவனுக்கு அப்போது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை. புதுக் கல்லெல்லாம் செம்பழுப்பாகிவிட்டது.

மறுபடியும் போன். "உடுப்புக் கழுவுற சவர்க்காரத் தூளச் சொன்னேன் மச்சான்" என்றான். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசினான். எனக்கு எரிச்சலாக வந்தது, அவன் மேல் பாதி, என் மேல் மீதி.

சவர்க்காரத் தூளைக் குழைத்துப் பூசி, தும்பு பிரஷால் பொழுது சாயும்வரை தேய்த்தேன். தூறல் விழுந்தும் நிறுத்தவில்லை. விரல் முட்டிகளில் தோல் உரிந்து, கை மடங்க மறுத்தது. நான் விட்ட சாபம் சரியான விலாசத்துக்குத்தான் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எண்ணெய் போனது. சாயம் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் பத்துத் தடவை நடந்து பார்த்தேன். அப்படியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

மறுநாள் காலை மேளம் கேட்டதுமே போய் அந்த ஓரத்தில் நின்றுவிட்டேன். எல்லோரும் அம்மனைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். மஞ்சள் சேலையில் ஏழாவதாக வந்த என் மனைவி, பழுப்புக்கு முன்னால் நின்றாள். பெருவிரலால் கல்லை அழுத்திப் பார்த்தாள். பிறகு நன்றாக மிதித்தே நடந்தாள். ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பூஜை முடிந்து வந்தவள் என் கையை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"அந்த ரோட்டுக்காரன இன்னமும் திட்டுறீங்களா?" என்று கேட்டாள்.

வீட்டில் சாயம் ஊற்றத் தூள் இல்லை என்றேன்.