ஜிம்மிக்கான சொல்

பக்கத்து வீட்டுப் பையன் தன் லாப்ரடாருக்குப் பந்து எறிகிறான். "வா" என்றதும் அது ஓடி வருகிறது. நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

எங்கள் ஜிம்மி அப்படி வராது. தான் சுட்டு வீழ்த்திய நீர்க்கோழியை எடுத்துவர அப்பா அதைப் பழக்கினார். பழைய சாக்ஸில் தேங்காய் மட்டை நாரை அடைத்துக் குளத்தில் எறிவார். ஜிம்மி கவ்விக்கொண்டு கரையேறும்போது சேறும் ஈரநாரும் நாறும். "இரி" என்று மலையாளத்தில் சொன்னால் உட்காரும். பிறகு யார் கூப்பிட்டாலும் எழக்கூடாது.

"வான்னு ஊரே கூப்பிடும். எழுப்புத வார்த்தை எனக்கும் அதுக்கும் மட்டும் ஆக்கும்" என்பார். அதை ஜிம்மியின் காதருகே குனிந்துதான் சொல்வார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா இல்லாத ஒரு மாலையில் சாக்ஸைக் குளத்தருகே இருந்த தண்டவாளத்துக்கு அப்பால் எறிந்தேன். கவ்வித் திரும்பிய ஜிம்மி தண்டவாளத்தில் ஏறியதும், அப்பாவைப் போல மிடுக்காக "இரி" என்றேன். உட்கார்ந்தது. வளைவில் ரயில் வந்தது. "வா ஜிம்மி, வா, வா" என்று அலறினேன். சாக்ஸைக் கவ்வியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்பா என்னை அடிக்கவில்லை. "ஒனக்கு அந்தச் சொல்லு தெரியாதுல்லா மக்கா. நாந்தான் சொல்லித் தரல்ல" என்று அழுதார். சாகும்வரை தன்னையே நொந்துகொண்டார்.

எனக்குத் தெரியும். வாழை மறைவில் நின்று முன்பே கேட்டிருந்தேன். பயத்தில் நாக்குத் தமிழுக்குத் திரும்பிவிட்டது, அவ்வளவுதான்.

"போரு." மலையாளத்தில் அதற்கும் வா என்றுதான் அர்த்தம்.