பல் பெட்டியும் மோரிஸ் மைனரும்

என் சித்தி பல் செட் செய்பவர். பல் டாக்டர் அல்ல. டாக்டர் எடுத்து அனுப்பும் தாடை அச்சை வைத்துக்கொண்டு, வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து, மெழுகில் ஈறு செதுக்கி, பல் நட்டு, அதை அக்ரிலிக்கில் வார்த்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். முன்பல்லை எல்லாம் ஒரே சீராக நட்டால் பொய்ப்பல் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும் என்பதற்காக, இடப்பக்கக் கோரைப்பல்லை மட்டும் மயிரிழை திருப்பி நடுவார். அது அவருடைய கைவழக்கம். ஊரில் பாதிப் பேர் சித்தி தயவில்தான் சிரிக்கிறார்கள் என்று சித்தப்பா சொல்வார். அந்தச் சிரிப்பில் ஒன்றைக்கூடச் சித்தி பார்த்ததில்லை.

"நான் செஞ்சது எதுவும் வேலை செஞ்சு நான் பார்த்ததில்ல," என்பார். "மெல்லுதா, கடிக்குதா, ஒண்ணும் தெரியாது. குறை இருந்தா மட்டும் வீடு தேடித் திரும்பி வரும்."

அதனால்தான் அவருக்கு அந்தக் கார் வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். சித்தி முதன்முதலில் வேலை பார்த்த டாக்டருடையது. வெளிர்பச்சை மோரிஸ் மைனர். க்ளினிக் பின்னால் மரத்தடியில் பல வருடம் நின்று, ஒரு ஹெட்லைட்டுக்குள் குருவி குடியேறியிருந்தது. டாக்டர் க்ளினிக்கை மூடியபோது, "எடுத்துக்கிறீங்களா, எடைக்குப் போடட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். சித்தி கயிறு கட்டி இழுத்து வந்து, வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட இடத்தில் நிறுத்திவிட்டார். அது அதுவரை சித்தப்பா இஸ்திரி போடும் இடம்.

சித்தப்பா கோட்டுத் தைப்பவர். இஸ்திரி மேசை சமையலறைக்குப் போனதில் அவருக்கு வருத்தம். "அடுப்புல குக்கர், இங்க கோட்டு. ரெண்டுமே ஆவி விடுது," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஆனால் சித்தி கிழிந்த சீட்டுகளைக் கழற்றி வெளியே வைத்த அன்று, அவர் தானாகவே அளவு நாடாவோடு வந்து நின்றார். கோட்டின் உள்துணியை மேற்கூரைக்குத் தைத்தார். சீட்டுகளின் முதுகில் பட்டன் வைத்த உள் பாக்கெட் தைத்தார்.

"சீட்டுக்கு எதுக்குங்க உள் பாக்கெட்?"

"கை பழகிடுச்சும்மா. அது பாட்டுக்குத் தைக்குது."

நான் கல்லூரி முடித்துவிட்டு அவர்கள் வீட்டில் தங்கியிருந்த சமயம் அது. காரோடு வந்த ஆங்கிலக் கையேட்டைத் தமிழில் வாசித்துச் சொல்வது என் பொறுப்பு. பக்கத்துக்குப் பக்கம், கழற்றுவதை விரிவாக எழுதிவிட்டு, பூட்டும் இடம் வந்ததும் 'கழற்றியதைத் திருப்பிச் செய்க' என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள்.

"இதை எழுதினவன் வாழ்க்கையில ஒரு நட்டைக்கூடக் கழட்டினதில்ல," என்றார் சித்தி, காருக்கடியில் இருந்தபடி.

கடையில் கிடைத்த ஸ்பானர் எதுவும் அந்த நட்டுகளுக்குச் சேரவில்லை. பழைய ஆங்கிலேயக் கார்களின் அளவே வேறு. அதற்கென்று ஒரு பழைய செட்டைத் தேடி வாங்கினார். கிடைக்காத சாமானைத் தானே வார்த்துக்கொண்டார். கியர் தண்டின் தலை, கண்ணாடி ஏற்றும் பிடியின் குமிழ் எல்லாம் ஈறு நிறத்தில் பளபளத்தன. திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து வெளியே நீளும் சிறு கைகாட்டிக்கும் பின்னறையிலேயே புது மூடி பிறந்தது.

இன்ஜின் ஓடியது. ஆனால் சாலையில் ஓட்ட, தகுதிச் சோதனையில் தேற வேண்டும். முதல் தடவை மேட்டில் நிறுத்தியபோது ஹேண்ட் பிரேக் பிடிக்காமல் கார் ஆய்வாளரின் நாற்காலியை நோக்கி மெல்ல இறங்கியது. தேறவில்லை. அன்று சாயங்காலமே, பெரிய சாலையில் ஹோட்டல் வைத்திருப்பவர் வந்துவிட்டார். அவருக்கு அந்தக் கார்மேல் நெடுநாளாக ஒரு கண்.

"அக்கா, வாசல்ல நிறுத்தினா எவ்வளவு அழகா இருக்கும் தெரியுமா. இன்ஜினைத் தூக்கிட்டு, பானெட்டைத் திறந்தே வச்சு, உள்ள செடி வைக்கலாம்."

ஏற்கெனவே எரிச்சலில் இருந்த சித்தி சொல்லிவிட்டார்: "அடுத்த தடவையும் தேறலைன்னா நீங்களே தூக்கிட்டுப் போங்க."

சித்தி சொன்ன சொல்லை மாற்றுகிறவர் அல்ல. அது ஹோட்டல்காரருக்கும் தெரியும். அடுத்த தடவைதான் கடைசித் தடவை என்று சோதனை அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அதையும் விட்டால் காரின் பதிவு ரத்தாகிவிடும். அன்றிலிருந்து சித்திக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. "வாயைப் பிளந்து வச்சு செடி நடுவாங்களாம்," என்று பிளாஸ்டர் குழைத்துக்கொண்டே தனக்குத் தானே சொல்லிக்கொள்வார்.

சித்தப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தையல் முடிந்ததும் காரில் ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்து, கண்ணை மூடிச் சத்தம் கேட்பார். பாதி நாள் ஸ்டார்ட் ஆகாது. விடாமல் முயன்று பேட்டரியைக் காலி செய்துவிடுவார். சோதனை நெருங்கும்போது அப்படி ஆகக் கூடாதென்று, சித்தி டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து ரோட்டரைக் கழற்றி ஒளித்துவைத்தார். ரோட்டர் என்பது கட்டைவிரல் அளவுக் கறுப்புத் துண்டு; தலையில் ஒரு பித்தளைப் பட்டை. அது சுற்றிச் சுற்றி ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பங்கு வைக்கும். அது இல்லாவிட்டால் கார் வெறும் தகரம். பழைய ரோட்டர் சித்தியின் கை தவறி விழுந்து இரண்டாகிப் போயிருந்தது. புதிது, எங்கெங்கோ எழுதிக் கேட்டு வரவழைத்தது.

அதை ஒளித்துவைத்த இடம், பின்னறை அலமாரியில் ஒரு பல் பெட்டி. சித்தப்பா கை வைக்காத ஒரே இடம் அதுதான். அவருக்குத் தனியாக இருக்கும் பல்லைப் பார்த்தால் பயம். பின்னறைக்குள் அவர் காலெடுத்து வைத்ததே இல்லை.

சோதனைக்கு முந்தின நாள், மேட்டில் ஹேண்ட் பிரேக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்த களைப்பில் சித்தி ரோட்டரை மறுபடி பெட்டிக்குள் வைத்துவிட்டு மதியம் கண்ணயர்ந்துவிட்டார். நான் கடைக்குப் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்து, இப்போது வேலை தரும் டாக்டரின் க்ளினிக் ஆள் பல் செட் வாங்க வந்திருக்கிறார். மனைவியை எழுப்ப மனமில்லாமல், சித்தப்பா வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு வீரச்செயல் செய்தார். வாசற்படியில் நின்றபடியே, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அலமாரிக்குக் கையை நீட்டி ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தனுப்பிவிட்டார். சாயங்காலம் அதைப் பெருமையாகச் சொன்னார். சித்தியும் பாராட்டினார்.

மறுநாள் காலை டாக்டரின் போன் வந்தது.

"அம்மா, நேத்து அனுப்பினீங்களே, அது மேல் தாடைக்கா, கீழ் தாடைக்கா?"

"கீழ் தாடை, டாக்டர். முழு செட்டு."

"அப்படியா. காலையில திறந்து பார்த்தப்போ எனக்கு ஒரே ஒரு பல்லுதான் தெரிஞ்சுது. அதுவும் பித்தளை."

சித்தி பின்னறைக்கு ஓடி, ரோட்டர் வைத்த பெட்டியைத் தேடினார். இருந்தது ஒரே பெட்டி. திறந்தால், கீழ் தாடை முழு செட்டு அவரைப் பார்த்து இளித்தது. டாக்டர் பகலில் வெளியூர் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர். ரயிலில் இருந்து பேசினார். ரோட்டர் க்ளினிக் மேசையில். சாவி அவர் பாக்கெட்டில். சாயங்காலம்தான் திரும்புவார். எங்களுக்குச் சோதனை மதியத்துக்குள்.

சித்தி போனை வைத்துவிட்டுச் சித்தப்பாவைப் பார்த்தார்.

"பெட்டியை எடுத்தீங்களே, மேல ஒட்டியிருக்கிற சீட்டைப் பார்த்தீங்களா?"

"சீட்டைப் பார்க்கணும்னா பெட்டியைப் பார்க்கணும். பெட்டியைப் பார்த்தா உள்ள இருக்கிறது ஞாபகம் வரும்."

"இத்தனை வருஷமா ஒரு பல்லுக்காரியோட குடும்பம் நடத்துறீங்க."

"உன் வாயில இருக்கிறது எனக்குப் பயமில்லம்மா. பெட்டியில இருக்கிறதுதான்."

கோபமாக இருந்த சித்திக்கே உதடு கொஞ்சம் கோணியது. அந்த நேரத்தில் வெளியே சத்தம் கேட்டது. ஹோட்டல்காரர் பானெட் மேல் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சும்மா ஒரு அளவுக்கா. ரெண்டு வரிசை க்ரோட்டன்ஸ் தாராளமா நிக்கும்."

"இன்னும் உசிரு போகல. அதுக்குள்ள பெட்டிக்கு அளவெடுக்க வந்துட்டீங்களா?" என்றார் சித்தி. பிறகு, அளவெடுப்பது என்ற சொல்லே அச்செடுப்பதை நினைவுபடுத்தியதுபோல நின்று, உள்ளே போனார்.

அவர் எதையும் எறிவதில்லை. உடைந்த பழைய ரோட்டரின் இரண்டு துண்டும் ஒரு டப்பாவில் இருந்தன. மெழுகால் இரண்டையும் ஒட்டினார். பிளாஸ்டர் குழைத்து மேலும் கீழுமாக அச்சு எடுத்தார். பழைய பித்தளைப் பட்டையை உருவி அச்சுக்குள் அதன் இடத்தில் வைத்தார். இரண்டு பாதியையும் ஆடாமல் அழுத்திப் பிடிக்க ஒருவர் வேண்டும். என் கையில் கையேடு.

"உள்ள வாங்க," என்றார் சித்தி.

சித்தப்பா வாசற்படியில் நின்றார். அலமாரி முழுக்கத் தாடைகள். அவர் ஒரு மூச்சு இழுத்துவிட்டு, படி தாண்டி வந்து, அச்சைப் பிடித்தார். ஊசி பிடித்துப் பழகிய விரல், இம்மியும் அசையவில்லை.

"கண்ணைத் திறந்துக்கோங்க. கோணிடும்."

திறந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மூணாவது செட்டு நல்லா இருக்கு," என்றார் ஈனசுரத்தில்.

வார்த்து எடுத்தபோது, பித்தளைத் தலையோடு இளஞ்சிவப்பு ரோட்டர் ஒன்று வெளியே வந்தது. மூடிக்குள் அது சுற்றும்போது எதிலும் இடிக்கக் கூடாது. ரொம்ப விலகியும் நிற்கக் கூடாது. கையேட்டில் நான் அளவைத் தேடுவதற்குள், பல் செட்டின் கடி சரியா என்று பார்க்க வைத்திருக்கும் நீலத் தாளைச் சித்தி உள்ளே கொடுத்துச் சுற்றிப் பார்த்தார். நீலம் ஒட்டிய இடத்தை மட்டும் கொஞ்சம் உரசினார். மறுபடி சுற்றினார். தாள் சுத்தமாக வந்தது.

"கடி சரி," என்றார்.

கார் ஒருமுறை இருமியது. அடுத்த முறை கிளம்பிவிட்டது. ஹோட்டல்காரர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார். கீழ் தாடை செட்டைச் சாயங்காலம் க்ளினிக்கில் கொடுக்க வேண்டும் என்று சித்தப்பா அந்தப் பெட்டியைத் தானே எடுத்து வந்து, சீட்டின் உள் பாக்கெட்டில் வைத்துப் பட்டன் போட்டார். பாக்கெட் எதற்கு என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

சோதனை மைதானத்தில் அதே ஆய்வாளர். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, நாற்காலியை முன்ஜாக்கிரதையாகத் தள்ளிப் போட்டிருந்தார். மேட்டில் கார் அசையாமல் நின்றது. விளக்கு எரிந்தது. ஹார்ன் அடித்தது. சிறு கைகாட்டி இரண்டு பக்கமும் நீண்டு மடங்கியது. பிறகு பானெட்டைத் திறக்கச் சொன்னார். இன்ஜினைச் சுற்றிப் பார்த்தவர், ஆசை தாங்காமல் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். சித்தியின் கை சேலை முந்தானையை முறுக்கியது.

ஆய்வாளர் வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"என்னம்மா இது, ஈறு மாதிரி இருக்கு?"

"ஈறுதான் சார்."

"அப்போ பல்லு?"

சித்தி பதில் தேடுவதற்குள், சித்தப்பா போய் சீட்டுப் பட்டனைக் கழற்றி, பெட்டியை எடுத்து வந்து, தன் கையாலேயே திறந்து, கண்ணை அகலத் திறந்தபடி நீட்டினார்.

"இதோ இருக்கு சார்."

ஆய்வாளர் பெட்டியைப் பார்த்தார். ரோட்டரைப் பார்த்தார். அந்த இறுகிய முகம் உடைந்து, வாய் விட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். பானெட்டைப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் நீர் வர. நானும் சித்தப்பாவும் சிரித்தோம். சித்தி மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஆய்வாளரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடுது, நிக்குது, அது போதும். சரியான ரோட்டரை இன்னிக்கே மாட்டிடுங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

சாலைக்கு வந்தபோது ஸ்டியரிங் சித்தி கையில். ஈறு நிறக் கியர் தலையை மாற்றி மாற்றி, கார் தானாகப் போவதுபோல ஓட்டினார். ஹோட்டல் வாசலில் க்ரோட்டன்ஸ் தொட்டிகள் வரிசையாக, இடம் விட்டு, காத்திருந்தன. அதைத் தாண்டும்போது ஹார்ன் அடிப்பார் என்று நினைத்தேன். அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

"மேல் செட்டு," என்றார் திடீரென்று.

"இல்லம்மா, கீழ் செட்டு. என் கண்ணால பார்த்தேன்," என்றார் சித்தப்பா, பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தபடி.

"அதில்ல. அந்த சாரோடது. இடப்பக்கக் கோரைப்பல் லேசா திரும்பியிருந்தது."

"நீ செஞ்சதா?" என்று சித்தப்பா அவர் பக்கம் திரும்பினார்.

"அவ்வளவு சிரிச்சார்," என்றார் சித்தி. "துளி அசையல."