ஆரணி முடிச்சுக்கு அயல்நாட்டு மரியாதை

போன வாரம் ஆரணிக்குப் போயிருந்தேன். பட்டுப்புடவை எடுக்க அல்ல. பத்திரிகையில் பத்தி எழுதுகிறவர்களுக்கு ஆண்டவன் அந்த வசதியைக் கொடுக்கவில்லை.

பட்டுத் துணி ஏற்றுமதி செய்யும் தூரத்து உறவினர் ஒருவர் கூப்பிட்டிருந்தார். "ஃபாரின்லேர்ந்து நம்ம துணி வாங்கற அம்மா வராங்க. நெசவாளிங்க வாழ்க்கை உயரணும்னு ரொம்ப அக்கறை. நீங்க கூட இருந்து மொழிபெயர்க்கணும்" என்றார். அக்கறையை நேரில் பார்க்கும் வாய்ப்பை விடலாமா? பஸ் ஏறிவிட்டேன்.

வந்திறங்கிய வெள்ளைக்காரத் துரைசானியோடு, உறவினருக்குக் கூலிக்கு நெய்யும் சரோஜாவின் வீட்டுக்குப் போனோம். இருந்த ஒரே நாற்காலியில் துரைசானி உட்காரவில்லை. நேரே தறிக்குப் போய்த் துணியைத் தடவிப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. இழை அறுந்தபோது சரோஜா போட்ட சின்ன முடிச்சு. சரோஜாவுக்கு முகமே செத்துப்போனது.

துரைசானியோ பூரித்துப் போனார்! கையால் நெய்ததற்கு இதுதான் அத்தாட்சியாம். இதற்காகவே அவர்கள் ஊரில் கூடுதல் விலை கொடுக்கிறார்களாம். துணியோடு இணைக்கச் சொல்லி, அச்சடித்த அட்டைக் கட்டு ஒன்றை உறவினரிடம் நீட்டினார். 'இந்த முடிச்சுகள் குறையல்ல, மனிதக் கையின் அடையாளம்' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

"இன்னா சார் சொல்றாங்க அந்தம்மா?" என்றார் சரோஜா. சொன்னேன்.

"அடப்பாவமே! இதே முடிச்சுக்குத்தானே இவரு வாரா வாரம் என் கூலியில புடிச்சிகினு கீறாரு! போன வாரம்கூட டேமேஜுன்னு புடிச்சாரே... அவங்களாண்டயே கேளுங்க சார்!"

"அதெல்லாம் மொழிபெயர்க்க வேணாம் சார்" என்று உறவினர் என் காதைக் கடித்தார்.

ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன்.

துரைசானி கடிகாரத்தைப் பார்த்தார். கூலி உள்ளூர் விவகாரமாம். அதில் தலையிடுவது நாகரிகமில்லையாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அகலம் இவ்வளவு, சாயம் இப்படி, மடிப்பு அப்படி என்று கடல் தாண்டி வந்து நிபந்தனை போடும்போது எங்கே போயிற்று இந்த நாகரிகம்? முடிச்சுக்கு விலை உண்டென்றால் முடிச்சுப் போட்டவருக்கு அதில் பங்கு வேண்டாமா? பங்கு கிடக்கட்டும், பிடித்தமாவது நிற்க வேண்டாமா? 'முடிச்சுக்காகக் கூலியில் கை வைக்காதே' என்று ஆர்டரில் ஒரு வரி எழுதினால் பேனா தேய்ந்துவிடுமா? உலக வர்த்தகமாம்... நல்ல வர்த்தகம்!

கார் கிளம்பும்போது சரோஜா ஓடிவந்தார். உறவினரிடம் கையை நீட்டினார்.

"அந்த அட்டையில ஒண்ணே ஒண்ணு குடுங்க. அடுத்த வாரம் நீங்க கூலியில புடிச்சா காட்டணும்."

உறவினர் அட்டைக் கட்டை மடியோடு அணைத்துக்கொண்டார்.

"அதெல்லாம் எக்ஸ்போர்ட்டுக்கு மட்டும்மா!"