விசிலுக்கு ஒரு ஹாரன்

"வாந்தி வர்றவங்க எல்லாம் ஜன்னலோரம் வந்துருங்க, வெக்கப்படாதீங்க!" என்று கூவிக்கொண்டே கண்டக்டர் ஷாஹுல் மலையடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் படியில் தாவி ஏறுகிறார். வண்டி நகர்ந்ததும், யாருக்குக் குமட்டும் என்று முகத்தைப் பார்த்தே முடிவு செய்து எலுமிச்சம்பழம் கொடுப்பார். விதை ஆய்வு வேலைக்காக மூன்று வருடமாக வாரம் இரண்டு முறை கொல்லிமலை ஏறுகிறேன். இன்றும் எனக்கு ஒரு பழம் உண்டு. என் முகத்தில் அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை!

வயது நாற்பத்திரண்டு. ஒல்லி உடம்பு. பேசும்போது விசிலைக் கன்னத்தோரம் ஒதுக்கிக்கொள்வார். அதனால் 'ச' வரும் இடமெல்லாம் லேசாகக் காற்று அடிக்கும். மிளகு மூட்டைக்கு அவரே இடம் தேடித் தருவார், மடியில் இருக்கும் கோழிக்கு மட்டும் ஈவிரக்கமின்றி டிக்கெட் கிழிப்பார். பஸ்ஸில் பாதி காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். "உக்காந்தா வளைவு தெரியாதுங்க" என்பார்.

மொத்தம் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். சிலவற்றில் ஒரே திருப்பில் வண்டி ஏறாது, பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டும். அப்போது ஷாஹுல் ஒரு மரக்கட்டையோடு குதித்து இறங்கி, பள்ளத்தின் விளிம்பில் நின்று விசில் கொடுப்பார். டிரைவர் சின்னராசு திரும்பியே பார்க்க மாட்டார். விசில் வந்தால் சக்கரம் நிற்கும். பின் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி வெறும் மரத்தலைகள்தான். பதினோரு வருடம் இருவரும் இப்படித்தான் மலை ஏற்றினார்கள். அதைப் பார்க்க எனக்கு ஒருநாளும் அலுத்ததில்லை.

தொண்ணூற்றொன்பதில், நான் மலைக்கு வரத் தொடங்கிய முதல் வருடத்தில், திடீரென்று புது வழக்கம் ஒன்று தொடங்கியது. ஷாஹுல் ஒரு விசில் கொடுத்தால் சின்னராசு ஒரு ஹாரன் அடிப்பார். வளைவு இல்லாத இடத்திலும் விசில், உடனே ஹாரன். எங்களுக்கு ஒரே குதூகலம்! "கச்சேரி ஆரம்பிச்சாச்சுங்க" என்று மலைமேல் குண்டூர் நாட்டு விவசாயி கருப்பண்ணன் தொடையில் தாளம் போடுவார். நானும் கைதட்டியிருக்கிறேன். எதற்குக் கைதட்டினேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

சின்னராசுவுக்கு வலிப்பு. கீழே விழுந்து துடிக்கிற வலிப்பு அல்ல. கண் திறந்தபடியே இருக்கும், ஆள் மட்டும் பத்து நொடி இருக்க மாட்டார். கம்பெனி டாக்டரிடம் மறைத்துவிட்டார். ஒருநாள் மேலே வண்டியை நிறுத்தியிருந்தபோது ஷாஹுல் அதைப் பார்த்துவிட்டார். "பாய், பொண்ணு நர்ஸ் படிப்பு முடிக்க ஆறே மாசந்தான். அதுவரைக்கும் வாயத் தொறக்காதீங்க" என்று சின்னராசு கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டரிடம் போகவேண்டிய பிரச்சினையை ஷாஹுல் விசிலிடம் ஒப்படைத்தார். ஹாரன் வந்தால் சின்னராசுவுக்கு நினைவு இருக்கிறது என்று அர்த்தம். "அந்தச் சத்தம் கேட்டாத்தானுங்க எனக்கு மூச்சே வரும்" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். இப்படி நான்கு மாதம்!

பிறகு ஒருநாள், நாற்பத்தாறாவது வளைவில் வண்டி பின்னால் வந்துகொண்டிருந்தது. நான் கடைசி சீட்டில். விசில் கேட்டது. ஹாரன் வரவில்லை. மறுபடி விசில். வண்டி நிற்கவில்லை. என் ஜன்னலில் சாலை மறைந்து மரத்தலைகள் தெரிந்தன. ஷாஹுல் குப்புற விழுந்து கட்டையைச் சக்கரத்துக்கடியில் செருகியதைக் கண்ணால் பார்த்தேன். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி, இன்ஜின் அணைந்து நின்றது.

சின்னராசு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "என்ன பாய், போலாமா?" என்றார்.

"போக முடியாதுங்ணா" என்ற ஷாஹுல் எங்கள் பக்கம் திரும்பினார். "எல்லாரும் எறங்குங்க. அண்ணனுக்கு வலிப்பு வருது. எனக்கு நாலு மாசமாத் தெரியும்."

"நாலு மாசமா எங்க உசுர வெச்சு வெளையாடுனீங்களா?" என்று கருப்பண்ணன் பாய்ந்தார். ஷாஹுல் குனிந்து கட்டையைச் சக்கரத்துக்கடியில் இன்னும் இறுக்கிச் செருகினார். எனக்கும் ஆத்திரம் பொங்கியது. அதே நிமிடம் அவரைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது.

மறுநாள் பஸ் கம்பெனி அலுவலகத்துக்கு நானும் சாட்சியாகப் போனேன். சுவரோரம் பெஞ்சில் சின்னராசு. ஷாஹுல் பக்கம் அவர் முகத்தைத் திருப்பவே இல்லை. ஷாஹுல் நின்றபடியே புகாரை எழுதி நீட்டினார். மேனேஜர் அதைச் சத்தமாகவே படித்தார். "டிரைவருக்கு வலிப்பு என்று தெரிந்தும் நான்கு மாதம் மறைத்தது நான்" என்பதுதான் முதல் வரி. டிரைவர் பெயர் அதற்கு அடுத்த வரியில்தான் வந்தது.

"யோவ், அவரப் பத்தி மட்டும் எழுது. இப்படிக் குடுத்தா உன்னையும் நிறுத்தித்தான் ஆகணும். இந்தா, வேற பேப்பர்" என்றார் மேனேஜர்.

ஷாஹுல் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "இருக்கட்டுங்க" என்றார். அந்த ஒரு வரிக்காக எட்டு மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார்.

மேனேஜர் தாளோடு உள்ளே போனார். ஷாஹுல் எங்கே போவது என்று தெரியாமல் அறை நடுவில் நின்றார். அப்போதும் சின்னராசு அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் விட்ட இடத்தை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினார்.