மலையுச்சிக்குப் போன பியானோ

மெதுவா அண்ணனுக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது அவர் தொழில். வேலை நேரத்தில் அவர் வாயிலிருந்து வருவது பெரும்பாலும் அந்த ஒரு சொல்தான். மாடிப்படியில் பீரோ திரும்பும்போது "மெதுவா". நிலைப்படியில் ஃபிரிட்ஜ் இடிக்கப்போகும்போது "மெதுவா". எல்லாம் முடிந்து லாரிக் கதவைச் சாத்தும்போதுகூட ஒரு "மெதுவா" வரும்.

முதலில் அவர் ஒரு கிடங்கில் மூட்டை சுமந்துகொண்டிருந்தவர். பக்கத்துத் தெருவிலிருந்த இசைப்பள்ளி இடம் மாறியபோது அங்கிருந்த பியானோவைத் தொட எந்த ஆளும் முன்வரவில்லை. கனத்துக்குப் பயமில்லை, கீறல் விழுந்தால் யார் பதில் சொல்வது என்றுதான் பயம். இவரும் இவர் மனைவியின் தம்பியும் சேர்ந்து அதைக் கம்பளியில் சுற்றி, குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுக்கிற மாதிரி இறக்கிக் கொண்டுபோய் வைத்தார்கள். அன்றிலிருந்து ஊரில் எந்தப் பியானோ நகர வேண்டுமானாலும் இவருக்குத்தான் ஃபோன் வரும்.

மனைவி தையல் கடை வைத்திருக்கிறாள். பழைய கம்பளிகளை இரட்டையாக மடித்து, நடுவில் பஞ்சு வைத்து, பியானோவுக்கு உறை தைத்துக் கொடுத்ததும் அவள்தான். மிஷின் ஓடுகிற நேரமெல்லாம் அவள் பாடிக்கொண்டிருப்பாள். ரேடியோ பாடினால் அதனுடன் சேர்ந்து பாடுவாள். ரேடியோ நிறுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். இவருக்கோ பாட்டும் மிஷின் சத்தமும் ஒன்று. "உங்களுக்குக் காது இருக்கறது மூக்குக்கண்ணாடி மாட்டறதுக்குத்தான்" என்பாள். அவரும் மறுத்ததில்லை.

ஒருநாள் காலை ஒரு பல் டாக்டரம்மாவின் வீட்டுக்குப் பியானோ கொண்டுபோனார்கள். மூன்றாவது மாடி. கூடத்து வாசலுக்கு வந்த பிறகுதான் பியானோ வைக்க வேண்டிய சுவரோரம் புத்தக அலமாரி நிற்பது தெரிந்தது. மைத்துனன் அதை நகர்த்தப் போனான். அவர் சக்கரப் பலகைமேல் இருந்த பியானோவை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, தோளில் மாட்டிய சுமைப்பட்டியோடு வாசலில் நின்றார். எதிரே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு மலையுச்சி. சுற்றிலும் மேகம். நடுவில் பெரிய கறுப்புப் பியானோ. ஒருவன் அதை வாசித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் ஒரு பெண் வயலினுக்கு அண்ணன் மாதிரி இருந்த செல்லோவை முழங்கால்களுக்கு இடையில் நிறுத்தி வில் போட்டுக்கொண்டிருந்தாள். பாடுகிறவர் யாரும் இல்லை. காற்றில் அவள் தலைமுடி பறந்தது.

மெதுவா அண்ணன் கண் இமைக்காமல் நின்றார். மைத்துனன் இரண்டு தடவை கூப்பிட்டும் காதில் விழவில்லை. டாக்டரம்மாவுக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. பக்கத்தில் வந்து, "நல்லா இருக்குல்ல?" என்று கேட்டார்.

"எப்படிம்மா மேல ஏத்தினாங்க?" என்றார் அவர்.

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் நாற்காலியைத் தேடி உட்கார வேண்டியதாயிற்று. சிரித்து முடித்ததும் அவரும் டிவியை உற்றுப் பார்த்தார். பாதை எதுவும் கண்ணில் படவில்லை. இப்போது தனக்கும் அது தெரிந்தாக வேண்டும் என்று சொல்லி, அந்த வீடியோவை இவர் ஃபோனுக்கு அனுப்பிவைத்தார்.

அன்று சாயங்காலம் கணவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பாட்டு வீடியோ பார்ப்பதை மனைவி கதவோரமாக நின்று பார்த்தாள். நம்ப முடியவில்லை. உடனே அக்காவுக்கு ஃபோன் போட்டு, இந்த மனுஷனுக்கு ஞானம் பிறந்துவிட்டது என்று சொன்னாள். பிறகு மெல்லப் பின்னால் போய் எட்டிப் பார்த்தால், சத்தத்தை அணைத்து வைத்துவிட்டுப் பியானோவின் காலை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இதை ஊமைப்படமா பாக்கற ஒரே ஆள் நீங்கதான்" என்று ஃபோனைப் பிடுங்கிச் சத்தத்தைக் கூட்டினாள். பாதி கேட்டதுமே அவள் முகம் மலர்ந்தது. பியானோவில் வருவது பெரிய அரங்குகளில் கோட்டு போட்டவர்கள் வாசிக்கிற பழைய சங்கதி; செல்லோவில் வருவதோ துணிக்கடை, பஸ், சலூன் என்று போன வருஷம் எங்கும் ஒலித்த பாட்டு. இரண்டையும் தலைமுடி பின்னுகிற மாதிரி பின்னியிருக்கிறார்கள் என்று அவள் விளக்கினாள். அவர் தலையாட்டினார். திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். பியானோ வாசித்தவன் எழுந்து, அதன் பக்கப்பலகையில் இரண்டு உள்ளங்கையாலும் தாளம் தட்ட ஆரம்பித்திருந்தான்.

"அடப்பாவி, நாம கம்பளி சுத்தித் தூக்கறோம், இவன் தவில் மாதிரி அடிக்கிறானே" என்றார். அந்த இடம் வரும்போதெல்லாம் அவர் முகம் பல்வலிக்காரன் முகம்போல ஆகும். மனைவி அதற்காகவே அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டாள்.

அது எப்படி மேலே போனது என்பதில் மைத்துனனுக்கு ஒரு கருத்து இருந்தது. லாரி ஓட்டும்போது எல்லா விஷயத்துக்கும் கருத்து சொல்வது அவன் வழக்கம். முதலில் ஹெலிகாப்டரில் தூக்கியிருப்பார்கள் என்றான். அவ்வளவு காற்றில் பியானோ ஊஞ்சலாடும் என்று இவர் ஒதுக்கித் தள்ளியதும், அது பியானோவே இல்லை, உள்ளே ஒன்றுமில்லாத அட்டைப்பெட்டி, சத்தத்தை அப்புறம் சேர்த்தார்கள் என்று மாற்றிக்கொண்டான். இவரால் சும்மா இருக்க முடியவில்லை. டீக்கடையில், சிக்னலில், சாப்பாட்டுக்கு உட்கார்ந்த இடத்தில் என்று ஃபோனை எடுத்துப் பார்த்தபடியே இருந்தார்.

ஒரு மதியம், கேமரா தரையோடு தரையாக ஊர்ந்து போகிற இடத்தில் நிறுத்தினார். பியானோவின் ஒரு காலுக்கு அடியில் புல்லோடு புல்லாக ஒரு சின்னப் பலகை தெரிந்தது. ஈரமண்ணில் கால் புதையாமலிருக்க யாரோ வைத்தது. பலகையின் முனை மழுங்கச் சீவப்பட்டிருந்தது. கால் வழுக்கி இறங்கினாலும் பியானோவின் பூச்சைக் கீறாது.

"அட்டைப்பெட்டிக்கு எவனாவது பலகை வைப்பானா மாப்ளே? இதை வெச்சவன் நம்ம ஆளு" என்றார். யாரென்றே தெரியாத ஒருவனுடைய கையை நேரில் பிடித்துவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

அன்றே மனைவி வீடியோவுக்கு அடியில் எழுதினாள். என் கணவரும் பியானோ தூக்குகிறவர், இதை எப்படி மேலே கொண்டுபோனீர்கள் என்று தெரியாமல் அவர் சோறு இறங்காமல் இருக்கிறார், தயவுசெய்து சொல்லுங்கள் என்று தமிழில் எழுத, ஃபோன் அதை வேறு மொழியாக்கிக்கொண்டது. சோறு இறங்காதது பொய். ஆனால் அப்படி எழுதினால்தான் பதில் வரும் என்றாள்.

கொஞ்ச நாள் கழித்துப் பதில் வந்தது. வீடியோவில் வாசித்தவர்கள் அந்தக் கேள்வியை, பியானோவைத் தூக்கின ஆளிடமே கொடுத்திருந்தார்கள். கால்களைக் கழற்றி, பியானோவைப் பக்கவாட்டில் சாய்த்துச் சறுக்குப் பலகையில் கட்டி, பாதை முடிகிற வரை டிராக்டரில் கொண்டுபோனார்களாம். அதற்குமேல் கயிறுதான். ஏற்றியதுகூடச் சிரமமில்லை, இறக்கும்போது மழை பிடித்துக்கொண்டது என்று எழுதியிருந்தார். கூடவே ஒரு ஃபோட்டோ. பொதிந்து கட்டிய பியானோவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஐந்தாறு பேர் சேறு படிந்த காலோடு ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். கடைசி வரியை மனைவி இரண்டு தடவை படித்தாள்: "உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா என்று என்னிடம் எல்லோரும் கேட்கிறார்கள். உங்களிடமும் கேட்பார்களா?"

மெதுவா அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவரிடம் கேட்காத வீடே இல்லை. மைத்துனன் மட்டும் ஃபோட்டோவைக்கூடக் கம்ப்யூட்டரில் செய்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தான். அவன் அக்கா ஒரு பார்வை பார்த்ததும் அடங்கினான்.

கேள்விக்குப் பதில் கிடைத்தாயிற்று. இனி அந்த வீடியோவோடு அவருக்கு வேலையில்லை என்றுதான் மனைவி நினைத்தாள். மறுநாள் சாயங்காலம் கைகால் கழுவிக்கொண்டு வந்தவர், "அதைக் கொஞ்சம் போடேன்" என்றார். சத்தத்தோடு. பாதியில் விரலைத் தூக்கி, "இங்க பாரு, மாடிப்படியில தூக்கற மாதிரிதான். முன்னால போறவன் நிக்கிறான், பின்னால வர்றவ ஒரு படி ஏறிக்கறா. அப்புறம் இவ நிக்கிறா, அவன் ஏறறான். ஒருத்தர் காலை ஒருத்தர் மிதிக்கல" என்றார்.

மனைவி ஊசியை அப்படியே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் பாட்டைப் பற்றி அவர் பேசிய முதல் பேச்சு அது.

பேச்சு அதோடு நிற்கவில்லை. தான் தூக்கின ஒரு பியானோகூட வாசித்துக் கேட்டதில்லை என்று சொன்னார். இடம் மாறின பியானோ புது வீட்டின் வெக்கைக்கும் ஈரத்துக்கும் பழக வேண்டும். கொஞ்ச நாள் விட்டுத்தான் சுருதி சேர்ப்பார்கள். அதற்குள் இவர்கள் வேறெங்கோ யாருடைய கட்டிலையோ தூக்கிக்கொண்டிருப்பார்கள்.

"அதுக்கென்ன, கேட்டுட்டு வந்தாப் போச்சு" என்று மனைவி அவர் ஃபோனிலிருந்தே டாக்டரம்மாவைக் கூப்பிட்டுவிட்டாள்.

டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அந்த மலையுச்சிக் கதையைக் கேட்கவும் அவர் காத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் துவைத்து இஸ்திரி போட்ட உடையில் போய்க் காலிங்பெல்லை அழுத்தினார்கள். சாமான் இல்லாமல் அந்தப் படிகளில் ஏறியது கை வீசி நடக்கப் பழகாதவன் நடந்த மாதிரி இருந்ததாக மெதுவா அண்ணன் சொன்னார்.

டாக்டரம்மா அதே மெட்டைப் பழகி வைத்திருந்தார். நடுநடுவே தப்பிப்போய், "இருங்க இருங்க" என்று திரும்ப ஆரம்பித்தார். செல்லோவுக்கு ஆளில்லாததால் அந்த வரியை மனைவி முணுமுணுத்தாள். டாக்டரம்மா வாசித்துக்கொண்டே திரும்பி, இன்னும் உரக்க என்று கண்ணால் சொன்னார். அவள் கூச்சத்தை விட்டுப் பாடினாள். மெதுவா அண்ணன் பியானோவை ஒட்டி நின்று கேட்டார். தான் அணைத்துப் பிடித்து ஏற்றிய அதே மரம் இப்போது உள்ளே அதிர்வதை முழங்கையால் தொட்டுப் பார்த்தார். மைத்துனன்கூடக் காலால் தாளம் போட்டான்.

இப்போதெல்லாம் பியானோ இறக்கிவைத்ததும், சுருதி சேர்த்த பிறகு ஒரு ஃபோன் போடச் சொல்லிவிட்டுத்தான் வருகிறார். சிலர் மறந்துவிடுகிறார்கள், பலர் கூப்பிடுகிறார்கள். கேட்கப் போகும்போது மனைவியும் கூடப் போவாள்; கேக் உண்டென்றால் மைத்துனனும் வருவான். போன வாரம் ஒரு வீட்டில் பல் விழுந்த ஒரு சின்னப் பெண் ஒரே விரலால் ஒரே பாட்டை விடாமல் வாசித்தாள். பெற்றவர்களே நடுவில் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்கள். இவர் கடைசிவரை உட்கார்ந்து கேட்டுவிட்டு, திரும்பும் வழியெல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். மனைவிக்கு ஒரு வரி பாடக்கூட இடம் கிடைக்கவில்லை.