மாடிக்கு வந்தவர்களும் கீழ் வீட்டுக் காபியும்

பிள்ளைகளே, இந்த மே லீவுக்கு மலைக்குப் போகலாமா என்று நீங்கள் கேட்டபோது, "எங்கேயும் வேண்டாம், வீட்டில் கிடங்க" என்று கத்திவிட்டேன். வீடு மாற்றிய களைப்பு என்று நினைத்திருப்பீர்கள். அது இல்லை. அல்சூர் வீட்டை நாம் ஏன் விட்டோம் என்பதும், மலைக்கு ஏன் வேண்டாம் என்றேன் என்பதும் ஒரே விஷயம்தான். வாயால் சொன்னால் மறுபடியும் கோபம் வரும், அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் நான். தப்பு இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

நாம் கீழே குடியிருந்த அந்த வீட்டின் மேல்மாடி காலியானபோது வீட்டுக்காரர் அதைக் குடும்பத்துக்கு விடவில்லை. பெயிண்ட் அடித்து, கட்டில் போட்டு, ஊர் சுற்ற வருகிறவர்கள் இரண்டு நாள் தங்கிப் போகட்டும் என்று செல்போன் ஆப்பில் போட்டுவிட்டார். முதலில் வந்தது ஒரு இளம் ஜோடி. சாவி எங்கே இருக்கிறது என்று தெரியாமல், விடிகாலையில் நம் வாசலில் பெட்டியோடு நின்றார்கள். உங்கள் அம்மாவைத்தான் தெரியுமே. வாசலில் வந்தவர்களை நிற்கவைத்து அனுப்ப அவளுக்கு வராது. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி போட்டுக் கொடுத்தாள். அந்தப் பெண் ஆற்றத் தெரியாமல் விரலைச் சுட்டுக்கொண்டாள். அம்மா டபராவை வாங்கி உயரத்தில் இருந்து ஆற்றிக் காட்டினாள். கூட வந்தவன் வீடியோ எடுத்தான். எல்லோரும் சிரித்தோம். நீங்களும்தான்.

அந்த வீடியோதான் நமக்கு எமனாக வந்தது.

அடுத்து வந்தவர்கள் நேராக நம் கதவைத் தட்டி, "ஆன்ட்டி, காபி?" என்றார்கள். அறையோடு சேர்ந்தது என்று நினைத்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் முகமெல்லாம் பல்லாக வந்து போனை நீட்டினார்.

"பாருங்கக்கா, எல்லாரும் அஞ்சு ஸ்டார் போட்டிருக்காங்க. ரூமைப் பத்தி ஒரு வரி, உங்க காபியைப் பத்தி பத்து வரி!"

"அந்த ஸ்டாரைக் கொண்டுபோய்க் குடுத்தா கடையில துவரம்பருப்பு தருவானா?" என்றாள் அம்மா. அவர் அதற்கும் சிரித்தார்.

அதற்கப்புறம் மாடி காலியாக இருந்த நாளே இல்லை. சனி ஞாயிறோடு ஒரு லீவு சேர்ந்தால் போதும், சந்து முழுக்கப் பெட்டிச் சக்கரம் உருளும் சத்தம். வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. நம்மைப் போலத்தான், வேலை செய்து அலுத்து, எங்கேயாவது போய்விட்டு வரலாம் என்று கிளம்பியவர்கள். இரண்டு நாளில் ஊரையே பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு. அம்மா முன்னறையில் தைத்துக்கொண்டிருந்தால் ஜன்னலுக்குள் போனை நீட்டிப் படம் எடுப்பார்கள். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்த பெண்கள் கூச்சப்பட்டுத் திரும்பிப் போனார்கள். ஜன்னலைச் சாத்தினால் இருட்டு, திறந்தால் போன்.

நம் வீட்டைப் பார்த்து எதிர்வீட்டுக்காரரும் மாடியைக் காலி செய்யச் சொன்னார். பிறகு மூலை வீடு. அம்மாவிடம் தைத்தவர்கள் எல்லாம் அந்த வீடுகளில் குடியிருந்தவர்கள்தான்.

கடைசியில் வீட்டுக்காரர் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். உட்காரச் சொன்னேன்.

"சார், கீழேயும் இருந்தா ஒரு முழு ஃபேமிலியே தங்கலாம்னு கேக்கறாங்க. நீங்க ஸ்வல்ப... கொஞ்சம் வேற எடம் பாத்துக்குங்க. அவசரம் ஒண்ணும் இல்ல, மார்ச்சுக்குள்ள போதும்."

"பசங்க ஸ்கூலு இங்க இருக்கு. இவ தையல் இங்க இருக்கு," என்றேன்.

"நான் உங்களப் போகச் சொல்லுவனா சார்? எங்க மருமகன்தான் ஒத்துக்க மாட்டேங்கறார்." பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "அக்கா, ஒரு உதவி. அந்த டிகாக்‌ஷன் அளவு மட்டும் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க. வர்றவங்க அதைத்தான் கேப்பாங்க."

"அளவு என்னாங்க அளவு? கைதான் அளவு. அதையும் வெட்டி வெச்சிட்டுப் போகட்டுமா?"

அவர் ஸ்வீட் பாக்ஸை டிவி மேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதை ஏன் தொடவிடவில்லை என்று நீங்கள் கேட்டீர்களே, இதனால்தான்.

அல்சூரிலேயே வீடு தேடினேன். போகிற இடமெல்லாம் கட்டிலும் ஏசியும் போட்டு, நாள் வாடகைக்கு என்கிறார்கள். ஊரின் மறுகோடியில், பீன்யாவைத் தாண்டி இந்த வீடு கிடைத்தது. எனக்கு ஃபேக்டரி நடக்கிற தூரம், நல்லதுதான். நீங்கள் வருஷம் முடிவதற்குள்ளேயே ஸ்கூல் மாறினீர்கள். அம்மாவின் மெஷின் மேல் போர்வை கிடக்கிறது. இங்கே அவளை யாருக்கும் தெரியாது.

சாமான் கட்டும்போது அம்மா சொன்னாள்: "போன டிசம்பர்ல மலையில தங்கினமே, கீழ ஒரு அம்மா இருந்தாங்க. சின்னவனுக்கு இருமல்னு வெந்நீர் கொண்டாந்து குடுத்தாங்க. அவங்க அடுப்பங்கரையை நீங்க வீடியோ எடுத்தீங்க. இவங்க ரெண்டு பேரும் மேல குதிச்ச குதியில அவங்க புருஷன் வந்து கெஞ்சினாரு. வாடகை குடுத்துத்தானே வந்திருக்கோம்னு நான்தான் சொன்னேன். அவங்க இன்னும் அந்த வீட்டுல இருக்காங்களோ இல்லையோ."

லீவு வந்தால் எங்கேயாவது போயே ஆக வேண்டும், போனால் படம் எடுத்தே ஆக வேண்டும், எடுத்தால் நாலு பேருக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று எப்போது பழகினோம் என்று தெரியவில்லை. ஊரே பார்க்காதீர்கள் என்று சொல்ல நான் யார்? ஆனால் இந்த வருஷம் இன்னொருவர் தலைக்கு மேல் போய்ப் படுத்துக்கொள்ள என்னால் முடியாது. நீங்கள் பெரியவர்களாகிப் போகும்போது, அந்த அறையில் முன்னால் யார் குடியிருந்தார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் சொல்லாமல் மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

இங்கே வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய வீட்டுச் சாவியைக் கொடுக்க மெட்ரோவில் நான் மட்டும் போனேன். மீட்டர் பெட்டிக்குள் போட்டுவிடச் சொல்லியிருந்தார் வீட்டுக்காரர். வீட்டில் யாரும் இல்லை. உங்கள் அம்மா தினமும் தெளித்துக் கோலம் போட்ட இடத்தில் பிளாஸ்டிக் கோல ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். குந்தி உட்கார்ந்து, சாவியின் முனையால் ஒரு மூலையை நெம்பினேன். முழுசாக உரித்து, நாலாக மடித்து, சந்து முனைக் குப்பையில் போட்டேன். திரும்பி வந்து சாவியை மீட்டர் பெட்டிக்குள் வைத்தேன்.