உமா உட்கார்ந்த நாள்

பிறந்த மூன்றாம் நாள், ஆஸ்பத்திரி ஆயா குழந்தையைக் குளிப்பாட்டத் தூக்கினார். அக்குளில் கை கொடுத்துத் தூக்கியபோது தோள்கள் இரண்டும் காதுவரை ஏறின. உடம்பு கீழே நழுவியது. ஆயா சட்டென்று மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இன்னா சார் இது, பிடிச்சா நிக்கலியே. ஈரத்துணியாட்டம் வழுக்குது" என்றார்.

நான் சிரித்தேன். முதல் குழந்தை. எனக்கு எதுவும் தெரியாது.

அன்று மாலை டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். குழந்தையின் உள்ளங்கையில் குறுக்கே ஒரே ரேகை ஓடுவதையும், கண்கள் மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதையும் சொன்னார். டவுன் சிண்ட்ரோம் (உடம்பின் உயிரணுக்களில் குரோமோசோம் ஒன்று கூடுதலாக அமைந்துவிடும் பிறவி நிலை). அந்த நாளில் பலரும் அதற்கு வேறொரு பெயர் சொன்னார்கள். எட்டு வருடம் என் மகளை வளர்த்தபின் அந்தப் பெயரை எழுதக் கை வரவில்லை.

"தசையில பிடிப்பு கம்மி. எல்லாமே மெதுவாத்தான் வரும். இதுக்குன்னு மருந்து கிடையாது. உங்க வீட்டுக்காரம்மாகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க" என்றார்.

நான் பதினோரு நாள் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் என் மனைவி வசந்தாவே கேட்டாள்.

"டாக்டரு உங்ககிட்ட இன்னா சொன்னாரு? அன்னிலேர்ந்து உங்களுக்குச் சோறே எறங்கலியே."

சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் குழந்தையை அடுத்த பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டு, "நாலு வாய் குடிச்சா நின்னுடறா. நெத்தியெல்லாம் வேர்க்குது. அதுக்கும் இதுதான் காரணமான்னு கேளுங்க" என்றாள்.

நான் கேட்கவில்லை. எனக்கு அது சின்ன விஷயமாகத் தோன்றியது. இதைப் படிக்கிறவர்கள் கையில் இப்படி ஒரு குழந்தை இருந்தால், பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கிறதா என்று பாருங்கள். வியர்த்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். நான் இதை எழுத உட்கார்ந்ததில் பாதி இந்த ஒரு வரிக்காக.

தேரடித் தெருப் பக்கம் நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தி வந்தேன். காலையிலும் மாலையிலும்தான் வகுப்பு. பகலில் வேலை இல்லை. வசந்தா கீழ்பென்னாத்தூரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பிரசவ லீவு முடிந்ததும் அவள் காலை பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். பகல் முழுக்கக் குழந்தை உமா என்னிடம். பாலாடையில் பால் புகட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் பழகிக்கொண்டேன். "பொம்பளை வேலைக்குப் போறா, ஆம்பளை தூளி ஆட்டறான்" என்று தெருவில் பேசினார்கள். அது என்னை உறுத்தவில்லை. குழந்தையைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனவர்கள்தான் உறுத்தினார்கள்.

நான்காம் மாதம் வேலூருக்கு அனுப்பினார்கள். சீட்டில் 'ஆக்குபேஷனல் தெரபி' என்று எழுதியிருந்தது. அங்கே ஸ்டெல்லா என்ற இளம்பெண் பாயில் உட்கார்ந்து உமாவைத் தன் நீட்டிய கால்களின் மேல் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆக்குபேஷன்னா தொழில்தானே மேடம்? நாலு மாசக் குழந்தைக்கு ஏதுங்க தொழில்?" என்று கேட்டேன்.

"பால் குடிக்கறது, நம்ம மூஞ்சியப் பாக்கறது, கையை வாய்க்குக் கொண்டு போறது. அதுதான் சார் அவ தொழில். அதை அவ செய்யறதுக்கு வழி பண்றதுதான் என் வேலை" என்றார்.

மார்புக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்துக் குப்புறப் போட்டுத் தலையைத் தூக்க வைப்பது. இரண்டு கைகளையும் நடுவில் கொண்டுவந்து தொட வைப்பது. இடுப்பைப் பிடித்து உட்கார வைத்து, பக்கவாட்டில் லேசாகச் சாய்த்து, அவளாகவே நிமிரும்வரை காத்திருப்பது. எல்லாவற்றையும் என்னைச் செய்யவைத்துப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் அஞ்சு நிமிஷம். மூச்சு வாங்கினாலோ, மூஞ்சிய திருப்பிக்கிட்டாலோ நிறுத்திடுங்க. அவ போதும்னு சொல்ற விதம் அது."

நான் ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, நேரம், பயிற்சி, எத்தனை நிமிடம். விரல் பழகாத மாணவன்கூடத் திரும்பத் திரும்ப அடித்தால் பழகிவிடுவான் என்பது என் தொழிலில் நான் கண்டது. ஐந்து நிமிடம் பத்தானது. ஏழாம் மாதம் உமா தலையை நேராக நிறுத்தினாள். பத்து, இருபதானது.

அந்த மாதம் வேலூர் போனபோது, குழந்தைகள் டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கொஞ்சம் அதிக நேரம் கேட்டார். "ஒரு சத்தம் கேக்குது (இதயத்தில் ரத்தம் சரியான வழியில் ஓடாதபோது கேட்கும் ஓசை). இதய டாக்டர்கிட்டக் காட்டிடுங்க" என்று சீட்டு எழுதித் தந்தார்.

சீட்டை நோட்டுக்குள் வைத்தேன். அவர் சொன்ன தேதி மாணவர்களின் பரீட்சை வாரத்தில் வந்தது. அதனால்தான் போகவில்லை என்று வசந்தாவிடம் சொன்னேன். அது உண்மையில்லை. காட்டினால் பயிற்சியை நிறுத்தச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன்.

தையில் காது குத்துவதாக இருந்தது. வசந்தாவின் அண்ணன் கேசவன் மடியில் வைத்துக் குத்த வேண்டும். அவர் ஒருநாள் வந்திருந்தபோது, "மடியில உக்காருமா மாப்ள, இல்ல படுக்க வச்சுத்தான் குத்தணுமா?" என்று கேட்டார். அவர் மனதில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து தைக்குள் உமா உட்கார்ந்தாக வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி ஏறிவிட்டது. எல்லோர் முன்னாலும் மாமன் மடியில் தானாக நிமிர்ந்து உட்கார வேண்டும்.

மார்கழியில் அவளுக்குச் சளி பிடித்தது. காலையில் கிளம்பும்போது வசந்தா, "இன்னிக்கு எதுவும் பண்ணாதீங்க. மூச்சு வேகமா இருக்குது" என்றாள். சரி என்றேன்.

பதினோரு மணிக்குப் பாயில் உட்கார வைத்தேன். கைகளை முன்னால் ஊன்ற வைத்துவிட்டு என் கைகளை எடுத்தேன். விழவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பதினாறு எண்ணும்வரை உமா உட்கார்ந்திருந்தாள். நான் கைதட்டினேன். மறுபடி உட்கார வைத்தேன். மறுபடியும். எத்தனையாவது தடவை என்று தெரியவில்லை, அவள் என்மேல் சாய்ந்தாள். களைப்பு என்று நினைத்து முகத்தைத் திருப்பினேன். உதடு நாவற்பழம் தின்றதுபோல் இருந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது.

அவளைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினேன். ஜட்கா வண்டியில் போய் ஆஸ்பத்திரியில் இறங்கினேன். ஆக்சிஜன் வைத்தார்கள். பக்கத்துக் கடைக்காரர் பஸ் ஏறி கீழ்பென்னாத்தூர் போய் வசந்தாவைக் கூட்டிவந்தார். அவள் புடவையில் சாக்பீஸ் தூள் இருந்தது.

"எவ்ளோ நேரம் பண்ணீங்க?"

"அஞ்சு நிமிஷம்" என்றேன்.

அவள் குழந்தையிடம் போனாள்.

மறுநாள் கார் வைத்து வேலூருக்குக் கொண்டுபோனோம். நுரையீரலில் சளி, அதோடு இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் ஓட்டை. அதனால் இதயத் திணறல் (இதயம் ஈடுகொடுக்க முடியாமல் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது). பால் குடிக்கும்போது வியர்த்ததும் இதனால்தான் என்றார் இதய டாக்டர்.

"நான் கொடுத்த பயிற்சியாலதானா டாக்டர்?"

"அதனால மட்டும்னு சொல்ல முடியாது. சளிக்கே இப்படி ஆகியிருக்கலாம். ஆனா முன்னாடியே வந்திருந்தா மருந்து ஆரம்பிச்சிருப்போம்."

இந்தப் பதிலை நான் இத்தனை வருடமாகப் புரட்டிப் பார்க்கிறேன். இதில் எனக்கு மன்னிப்பும் இல்லை, தண்டனையும் இல்லை.

மூன்றாம் நாள் வார்டு வாசலில் வசந்தா என் பையிலிருந்து நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் தந்த சீட்டு அவள் மடியில் இருந்தது.

"முந்தின நாள் முப்பத்தஞ்சு நிமிஷம்னு எழுதியிருக்கீங்க. அதுக்கு முந்தின நாள் நாப்பது."

அவள் இன்னொரு பக்கம் புரட்டினாள்.

"எங்கிட்ட அஞ்சுன்னீங்க. என்னாங்க, உங்களுக்குக் கொழந்தை வேணுமா, உக்கார்ற கொழந்தை வேணுமா?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எதையாவது சொல்லியிருப்பேன். ஸ்டெல்லாவிடம் அன்றே நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பக்கம் பக்கமாகப் படித்தார். "அந்த ஹார்ட் சீட்டப் பத்தி நானும் கேட்டிருக்கணும் சார். கேக்காம விட்டுட்டேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பழியில் ஒரு பங்கை அவர் எடுத்துக்கொண்டது எனக்கு ஆறுதலாக இல்லை. இன்னும் வெட்கமாக இருந்தது.

பத்தொன்பது நாளுக்குப் பிறகு வீடு திரும்பினோம். இதயத்துக்குச் சொட்டு மருந்து, நீர் பிரிய ஒரு மருந்து. ஆபரேஷனைத் தாங்கும் உடம்பு இப்போது இல்லை. ஓட்டை சிறிதாகலாம், ஆகாமலும் போகலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். உமாவுக்குத் தலைகூட நிற்கவில்லை. எட்டு மாதம் சேர்த்ததெல்லாம் போயிருந்தது.

வசந்தா சம்பளமில்லா லீவு போட்டாள். "கொஞ்ச நாளைக்கு நானே பண்றேன்" என்றாள். பாயும் நோட்டும் மூலைக்குப் போயின. குளிப்பாட்டும்போது காலில் குப்புறப் போட்டுக்கொள்வாள். உமா தலை தூக்கினால் அதுதான் பயிற்சி. காய் நறுக்கும்போது இடுப்பில் சாய்த்து உட்கார வைத்துக் கையில் முருங்கைக்காய் ஒன்றைக் கொடுப்பாள். உமா கொட்டாவி விட்டால் உடனே படுக்கப் போட்டுவிடுவாள். நான் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். காது குத்தும் நடந்தது. படுக்க வைத்துத்தான் குத்தினார்கள். கேசவன் மச்சான் குனிந்து அவள் முகத்தைத் தன் கையால் மறைத்துக்கொண்டார், அவள் அழுவதை யாரும் பார்க்க வேண்டாம் என்பதுபோல.

ஐந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வசந்தா உமாவை என் மடியில் வைத்தாள். "இன்னிக்கு நீங்க பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போனாள். இடுப்பைப் பிடித்து உட்கார வைத்தேன். சற்று நேரத்தில் உமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உடனே நிறுத்திவிட்டேன். துணிகள் காயப் போடும் சத்தம் கேட்கும்வரை அவளைத் தோளில் போட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

பிறகு ஒரு நாள் அவள் தானாக உட்கார்ந்தாள். அந்தத் தேதியை நான் குறித்து வைக்கவில்லை. மூன்றரை வயதில் நடந்தாள். இப்போது எட்டு. ஓட்டை சிறிதாகியிருக்கிறது, மூடவில்லை. ஒவ்வொரு மழைக்காலமும் ஒரே பயம். யார் வீட்டில் யார் இருமினாலும் எனக்கு முதலில் அவள் விலா எலும்பு ஞாபகம் வரும்.

வசந்தாவுக்கும் எனக்கும் நடுவே அந்த 'அஞ்சு நிமிஷம்' இன்னும் இருக்கிறது. நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. என்னிடம் ஏதாவது கணக்குக் கேட்டால், பதிலைக் கேட்டுவிட்டு ஒரு கணம் என் முகத்தைப் பார்ப்பாள். அந்த ஒரு கணத்தை அவள் கைவிடமாட்டாள். கைவிட வேண்டியதுமில்லை.

சாயங்காலம் உமாவைக் கூட்டிக்கொண்டு ராஜகோபுரம்வரை நடக்கிறேன். மற்றவர்களுக்கு ஐந்து நிமிட நடை. நாங்கள் போய்த் திரும்புவதற்குள் வகுப்பு ஆரம்பிக்கும் நேரம் வந்துவிடும், மாணவர்கள் காத்திருப்பார்கள். அவள் மூச்சு மாறுவதற்கு முன்பே என் நெஞ்சுக்குத் தெரிந்துவிடுகிறது. என் காலும் தானாக நின்றுவிடுகிறது. நேற்று பூக்கடைக்குப் பக்கத்தில் நின்றோம். "நட" என்றேன், பழக்கத்தில். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "இருப்பா" என்றாள். இருந்தேன்.